வண்டின் முதுகில் ஒரு முகவரி

நீர்வண்டின் உடலில் மட்டுமே குடியிருக்கும் பூஞ்சை. சிறகில் இருப்பது ஓர் இனம், காலில் இருப்பது வேறு இனம் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் கணக்கெழுதி வந்தார்கள். டி.என்.ஏ. அந்தக் கணக்கைத் திருத்தியிருக்கிறது. இந்தியாவிலோ கணக்குப் புத்தகத்தின் பெரும்பகுதி இன்னும் குளத்துக்குள்ளேயே கிடக்கிறது.

மழைக்காலத்தில் இந்தியாவின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடிய காட்சி. இருட்டியபின் வாசல் விளக்கைப் போட்டதும் ஈசலும் விட்டில்பூச்சியும் மொய்க்கின்றன. நடுவே 'டக்'கென்று சிமெண்டுத் தரையில் வந்து விழுகிறது ஒரு சின்ன வண்டு. எள்ளைவிடச் சற்றே பெரிது. படகைக் கவிழ்த்து வைத்தது போன்ற வழவழப்பான உடல். தரையில் நடக்கச் சிரமப்படுகிறது, திடீரென்று தத்துகிறது. குளத்தில் இருக்க வேண்டிய ஜீவன், வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து வந்துவிட்டது. மறுநாள் காலை துடைப்பம் அதன் கதையை முடித்துவிடும்.

துடைப்பத்துக்கு முன் யாராவது அதை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால், அதிர்ஷ்டம் இருந்தால், இன்னொரு ஜீவன் கண்ணில் படலாம். வண்டின் முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேல்சிறகின் விளிம்பில், மஞ்சளும் பழுப்புமாக, குத்திட்டு நிற்கும் சிறு ரோமம் போன்ற ஏதோ ஒன்று. நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அது ரோமமும் அல்ல, ஒட்டிக்கொண்ட தூசியும் அல்ல. முழுமையாக வளர்ந்த ஒரு பூஞ்சை. அதன் பெயர் கைட்டோனோமைசிஸ்.

இது ஒற்றை இனத்தின் பெயர் அல்ல. சுமார் நூறு இனங்கள் அடங்கிய ஒரு பேரினத்தின் பெயர். இவை குடியிருப்பது நீர்வண்டுகளின் மீது. முக்குளித்து இரை பிடிக்கும் வண்டுகள், பாசிக்கிடையே ஊர்ந்து திரியும் சிறு வண்டுகள், குளத்தின் மேற்பரப்பில் பம்பரம் போல் சுற்றும் சுழல் வண்டுகள் - இந்த மூன்று குடும்பங்களும்தான் இவற்றுக்கு ஊர், உலகம் எல்லாம். மண்ணில் வளராது, மரத்தில் வளராது. சோதனைச்சாலையில் சத்துக்கூழ் ஊற்றிக் கொடுத்தாலும் முழுதாக வளர்ந்து காட்டாது. உயிருள்ள வண்டு வேண்டும். அதிலும் உடலின் குறிப்பிட்ட இடம் வேண்டும். சிக்கல் ஆரம்பிப்பது அந்தக் 'குறிப்பிட்ட இடத்'தில்தான்.

பூஞ்சையா, புழுவா?

பூஞ்சை என்றதும் பழைய ரொட்டியில் படரும் வெள்ளை நூல்கள் நினைவுக்கு வரும். கைட்டோனோமைசிஸிடம் நூல் இல்லை. அது சேர்ந்திருக்கும் லபோல்பெனியேல்ஸ் என்ற பெருங்கூட்டத்தில் பெரும்பாலானவை அப்படித்தான். இரண்டே செல்கள் கொண்ட ஒரு வித்து வண்டின் மேல்தோலில் ஒட்டுகிறது. கீழ்முனை கறுத்து இறுகி 'பாதம்' ஆகிறது. அதன்மேல், எத்தனை செல்கள், எந்த வரிசையில் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது போல, அடுக்கடுக்காகக் கட்டடம் எழும்புகிறது. உச்சியில் குடுவை போன்ற ஓர் உறுப்பு. அதற்குள் அடுத்த தலைமுறைக்கான வித்துகள். சில வாரங்களில் வளர்ச்சி முடிந்துவிடும். படர்வது, பரவுவது, கிளை விட்டு அடுத்த சிறகைப் பிடிப்பது என்ற பேச்சே கிடையாது. விழுந்த இடத்தில் வாழ்ந்து அங்கேயே முடிகிறது.

இதைப் பார்த்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. 1840களில் பிரான்சில் மருத்துவரும் பூச்சியியலாளருமான அலெக்சாந்தர் லபோல்பென், பூச்சி சேகரிப்பாளர் அகஸ்ட் ரூஜே ஆகியோர் வண்டுகளின் மேல் இந்த விசித்திர வளர்ச்சிகளைக் கவனித்தார்கள். லபோல்பெனின் பெயரையே 1853இல் இவற்றில் ஒரு பேரினத்துக்குச் சூட்டினார்கள். அது பூச்சியின் தோலிலேயே முளைத்த கோளாறு என்று நினைத்தவர்கள் உண்டு. வௌவால்களின் மேல் வாழும் ஈக்களில் இதே கூட்டத்தைச் சேர்ந்த பூஞ்சையைப் பார்த்த ஓர் ஆய்வாளர், 1850களில் அதை ஒட்டுண்ணிப் புழு என்றே விவரித்துவிட்டார். கடலில் வாழும் சிவப்புப் பாசிகளின் தூரத்து உறவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ரொட்டி ஈஸ்ட்டும் பெனிசிலியமும் அடங்கிய பூஞ்சைப் பிரிவில் தனி வகுப்பாக உட்கார வேண்டியவை இவை என்பதை 2001இல் டி.என்.ஏ. சான்றுடன் காட்டினார்கள், அமெரிக்க ஆய்வாளர்கள் அலெக்ஸ் வியரும் மெரிடித் பிளாக்வெல்லும்.

நீர்வண்டுப் பூஞ்சைக்கு கைட்டோனோமைசிஸ் என்ற பெயர் 1873இல் கிடைத்தது. வைத்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி யோஹான் பெய்ரிட்ஷ். நீரில் முக்குளிக்கும் லேக்கோஃபிலஸ் என்ற சிறு வண்டில் அவர் இரண்டு விதமான பூஞ்சைகளைப் பார்த்தார். இரண்டும் வெவ்வேறு என்று கருதி இரண்டு பேரினங்களாகவே பிரித்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். 'வெவ்வேறு' என்று எழுதுவதும் 'ஒன்றுதான்' என்று அடிப்பதும் இந்தப் பூஞ்சையின் தலையெழுத்தில் ஆரம்பத்திலேயே இருந்தது.

தேக்ஸ்டரின் தவம்

இந்தத் துறையில் ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், அது ரோலண்ட் தேக்ஸ்டர். 1858இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கவிஞர் சீலியா தேக்ஸ்டரின் மகன். கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உருளைக்கிழங்குச் சொறி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1891இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். விவசாயிக்கு உடனடியாகப் பயன்படும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு பூஞ்சைக் கூட்டத்தின் பின்னால் போனார். 1932இல் இறக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

குளங்களில் வலை வீசினார். அழுகிய மரக்கட்டைகளைப் புரட்டினார். தென் அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனார். அது போதாதென்று, லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பூச்சிகளையும் ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துத் துழாவினார். காய்ந்த பூச்சியிலும் பூஞ்சையின் உருவம் கெடாமல் இருந்தது அவருக்குச் சாதகம். ஊர் ஊராகப் போகாமலே ஆசியா, ஆப்பிரிக்காவின் பூஞ்சைகளை அவரால் பார்க்க முடிந்தது.

விளைவு: 1896, 1908, 1924, 1926, 1931 என்று முப்பத்தைந்து ஆண்டுகளில் ஐந்து பெரும் தொகுதிகள். அவர் விவரித்த இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். இன்று உலகம் அறிந்த லபோல்பெனியேல்ஸ் இனங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் என்பதோடு ஒப்பிட்டால், ஒரு மனிதரின் உழைப்பு எவ்வளவு என்பது புரியும். செல் செல்லாகப் பூஞ்சையைக் காட்டும் அவருடைய படங்களைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் முதலில் புரட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட தேக்ஸ்டரும் நீர்வண்டிடம் வந்தபோது ஒரு புதிரை எதிர்கொண்டார்.

ஒரு வீடு, 13 குடித்தனம்

வட அமெரிக்கக் குளங்களில் லேக்கோஃபிலஸ் மாக்குலோசஸ் என்ற வண்டு சர்வ சாதாரணம். நீளம் அரை சென்டிமீட்டர். இந்த ஒரே வண்டின் உடலில் கைட்டோனோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்த 13 இனங்கள் வாழ்வதாகக் காலப்போக்கில் பதிவாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உருவம், தனித்தனி இடம். ஒன்று மேல்சிறகின் விளிம்பில் குறிப்பிட்ட பகுதியில். இன்னொன்று காலின் ஒரு கணுவில். வேறொன்று வயிற்றுப் பக்கம். இடது சிறகில் இருப்பது வலது சிறகுக்குப் போகாத அளவு ஒழுங்கு. பூஞ்சையைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம். இடத்தை மட்டும் சொன்னால் போதும் என்ற நிலை.

கடிதத்தில் கதவு எண் எழுதுவது போல, பூஞ்சையின் பெயரே முகவரியாகிவிட்டது.

இங்கேதான் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி சொன்னது: இவை உண்மையிலேயே 13 இனங்கள். வண்டின் உடலை அடுக்குமாடி வீடு போலப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. எதிர்க் கட்சி கேட்டது: அரை சென்டிமீட்டர் வண்டில் 13 இனமா? இது ஒரே பூஞ்சையாக இருக்கலாம். விழுந்த இடத்தின் தோலும் நீரோட்டமும் மாறுவதால் உருவமும் மாறுகிறது. நிழலில் வளரும் செடி நீண்டும் வெயிலில் வளரும் செடி குட்டையாகவும் ஆவதில்லையா?

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்ல வழிதான் இல்லை. இந்தப் பூஞ்சையைச் சோதனைச்சாலையில் வளர்த்து, இடம் மாற்றி நட்டுப் பார்க்க முடியாது. மைக்ராஸ்கோப் உருவத்தைக் காட்டும், உறவைக் காட்டாது.

ஆனால் ஒரு துப்பு முன்பே கிடைத்திருந்தது. கைட்டோனோமைசிஸுக்குப் பெயர் வைத்த அதே பெய்ரிட்ஷ், 1870களில் வீட்டு ஈக்களில் வளரும் இன்னொரு லபோல்பெனியேல்ஸ் பூஞ்சையை ஆராய்ந்தார். பெண் ஈக்களில் பூஞ்சை பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருந்தது. ஆண் ஈக்களில் பெரும்பாலும் கால்களில். காரணம் எளிது. இணையும்போது ஆண் ஈயின் கால்கள் பெண்ணின் முதுகைப் பற்றுகின்றன. ஒட்டும் தன்மை கொண்ட வித்து, தொட்ட இடத்திலிருந்து தொட்ட இடத்துக்குப் போகிறது. 1952இல் அமெரிக்கர்கள் ரிச்சர்ட் பெஞ்சமினும் லீலண்ட் ஷேனரும் தரைவண்டு ஒன்றில் இதே விஷயத்தை விரிவாக ஆராய்ந்து, சில பூஞ்சைகள் வண்டின் ஒரு பாலில் மட்டும், ஒரே இடத்தில் மட்டும் இருப்பதைப் பதிவு செய்தார்கள்.

தண்ணீருக்குள் வாழும் வண்டுக்கு இந்தத் துப்பு இன்னும் பொருந்தும். நிலத்திலாவது வித்து மண்ணில் உதிர்ந்து வேறொரு பூச்சியில் ஒட்ட வாய்ப்புண்டு. நீச்சலடிக்கும் வண்டிலிருந்து உதிரும் வித்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். நிச்சயமான வழி, ஓர் உடல் இன்னோர் உடலை அழுத்திப் பிடிக்கும் நேரம். நீரில் முக்குளிக்கும் ஆண் வண்டுகள் பலவற்றின் முன்னங்கால்களில் உறிஞ்சு கிண்ணங்கள் இருக்கின்றன. வழவழப்பான பெண் வண்டின் முதுகில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள இயற்கை தந்த ஏற்பாடு. பூஞ்சைக்கு அதுவே படகுத்துறை.

ஜோடிப் பொருத்தம்

2012இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரிலிருந்து தீர்ப்பு வந்தது. அங்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல், வன அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த லாரன் கோல்ட்மனும் அலெக்ஸ் வியரும், லேக்கோஃபிலஸ் மாக்குலோசஸ் வண்டின் பூஞ்சைகளை இடம் வாரியாகப் பிரித்தெடுத்து டி.என்.ஏ.வைப் படித்தார்கள். சொல்வது சுலபம். கண்ணுக்கே எட்டாத பூஞ்சையை ஊசிமுனையால் பெயர்த்து, அதன் கெட்டிச் சுவரை உடைத்து, உள்ளே இருக்கும் துளி டி.என்.ஏ.வை வண்டின் டி.என்.ஏ. கலக்காமல் எடுக்க வேண்டும்.

கிடைத்த விடை இரண்டு கட்சியையும் பாதி ஜெயிக்க வைத்தது.

வெவ்வேறு இனங்கள் என்று பெயர் பெற்றவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தன. ஜோடியில் இரண்டுக்கும் உருவம் வேறு, இடம் வேறு, டி.என்.ஏ. ஒன்று. அந்த இரண்டு இடங்களை வண்டுகள் இணையும் நிலையோடு பொருத்திப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமாயிற்று. ஆண் வண்டில் ஒன்று இருக்கும் இடமும் பெண் வண்டில் மற்றொன்று இருக்கும் இடமும், இணையும் நேரத்தில் ஒன்றையொன்று தொடும் இடங்கள். தேக்ஸ்டர் காலத்திலிருந்து இரண்டு பெயரில் இருந்தது ஒரே பூஞ்சை. ஆண் வண்டில் ஓர் உருவம், பெண் வண்டில் வேறோர் உருவம்.

அதாவது, ஒரே இனத்துக்கு இரண்டு முகவரி. கணவன் வீட்டில் ஒன்று, மனைவி வீட்டில் ஒன்று.

'எல்லாம் ஒரே பூஞ்சை' என்ற கட்சியும் முழுதாக ஜெயிக்கவில்லை. ஜோடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, தனித்தனி இனங்கள்தான். 13 என்பது சுருங்கியது, ஆனால் ஒன்றாகிவிடவில்லை. அரை சென்டிமீட்டர் வண்டில், கலவிக் கணத்தில் எந்த இடம் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, பல பூஞ்சை இனங்கள் தனித்தனியே வாழ்ந்து வருகின்றன. ஒன்றின் வித்து மற்றதன் இடத்துக்குப் போக வழியில்லை; போகாததால் கலப்பும் இல்லை. இரு ஊர்களை மலை பிரிப்பது போல, இங்கே மிகச் சிறு தூரம் இனங்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

பெயர்களைக் குறைப்பதுதான் டி.என்.ஏ.வின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பொறிவண்டுகளின் மேல் வாழும் ஹெஸ்பெரோமைசிஸ் பூஞ்சையில் நடந்தது நேர் எதிர். 1891இல் தேக்ஸ்டர் பெயரிட்ட ஒரே இனம், பல நாடுகளில் பலவகைப் பொறிவண்டுகளில் வாழ்வதாக நூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த டேனி ஹேலவாட்டர்ஸும் சகாக்களும் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அது ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய ஹார்லிக்குவின் பொறிவண்டில் இருக்கும் பூஞ்சைக்கு 2022இல் தனி இனமாகப் பெயர் சூட்டினார்கள். நீர்வண்டில் பல ஒன்றாயிற்று. பொறிவண்டில் ஒன்று பலவாயிற்று. கண்ணால் எண்ணிய கணக்கு இரண்டு பக்கமும் தவறக்கூடும் என்பதுதான் பாடம்.

விருந்தாளியா, திருடனா?

இந்தப் பூஞ்சை வண்டைக் கொல்வதில்லை. எறும்பின் நடத்தையை ஆட்டிவைத்துக் கொல்லும் பூஞ்சைகள் வேறு ரகம். வண்டு செத்தால் கைட்டோனோமைசிஸுக்கும் வாழ்வில்லை என்பதால், அது அடக்கமான குடித்தனக்காரர். வாடகை தருவதில்லை, வீட்டை இடிப்பதுமில்லை. எறும்புகளில் வாழும் இதன் உறவினர் ஒன்று, நெருக்கடி நேரத்தில் எறும்பின் ஆயுளைக் கொஞ்சம் குறைப்பதாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மொத்தத்தில் பெரிய கெடுதல் இல்லை.

ஆனால் குடித்தனக்காரரின் பிழைப்பு முழுக்க வீட்டுக்காரரின் வாழ்க்கை முறையைப் பொறுத்தது. புழுப்பருவத்து வண்டு அடிக்கடி தோலுரிக்கும். உரித்த தோலோடு பூஞ்சையும் போய்விடும். ஆகவே வளர்ந்த வண்டுதான் வேண்டும். ஒரு தலைமுறை வண்டு சாவதற்குள் அடுத்த தலைமுறை வளர்ந்து அதைச் சந்தித்தாக வேண்டும். குளத்தில் ஆணும் பெண்ணும் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், வண்டு பிழைத்தாலும் பூஞ்சை பிழைக்காது. வண்டுகள் குறைந்து, சந்திப்பும் குறைந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

இந்தியாவில் இந்தச் சங்கிலிக்கு இன்னொரு கண்ணியும் உண்டு: பருவமழை. கோடையில் சிறு குளங்கள் வற்றும்போது நீர்வண்டுகள் இரவில் பறந்து வேறு தண்ணீரைத் தேடுகின்றன. மேல்சிறகில் ஒட்டியிருக்கும் பூஞ்சையும் கூடவே பயணம் போகிறது. வாசல் விளக்கில் 'டக்'கென்று விழுந்த வண்டு, அப்படியொரு பயணத்தின் நடுவில் வழிதவறியதாக இருக்கலாம். பளபளக்கும் கார் கூரையையும் கண்ணாடியையும் தண்ணீர் என்று நினைத்து நீர்ப்பூச்சிகள் இறங்குவதை ஹங்கேரிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போலவே அவற்றின் கண்ணை ஏமாற்றுகிறதாம்.

குளத்தின் கணக்கு

இந்தியாவில் நீர்வண்டுகளைப் பற்றிய அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் டி.ஜி. வசிரானி, பல பத்தாண்டுகள் நீர்வண்டுகளுக்காகவே செலவிட்டவர். 1977இல் கீழ்த்திசை நாடுகளின் முக்குளிக்கும் வண்டுகளுக்கு அவர் தயாரித்த பட்டியல், 1984இல் சுழல் வண்டுகள் உள்ளிட்ட குடும்பங்களுக்கு அவர் எழுதிய தொகுதி - வண்டு தேடுகிறவர்களுக்கு இவைதான் வழிகாட்டி. பூஞ்சைப் பக்கம், 1990களில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் கே.ஜி. முகர்ஜியும் சக ஆய்வாளரும் இந்திய லபோல்பெனியேல்ஸ் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதி, இங்கு அதுவரை பதிவாகாத பேரினங்களைச் சேர்த்தார்கள். பெய்ரிட்ஷ் பார்த்த அதே லேக்கோஃபிலஸ் பேரினத்து வண்டுகள் இந்தியக் குளங்களிலும் உண்டு.

கவலை வேறு பக்கம். ஜல சக்தி அமைச்சகம் 2023இல் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 24 லட்சத்து 24 ஆயிரத்து 540. அதில் 97 சதவீதத்துக்கு மேல் கிராமங்களில். சுமார் 60 சதவீதம் சிறு குளங்கள். அதிகம் உள்ள மாநிலம் மேற்கு வங்காளம். வண்டுக்கும் பூஞ்சைக்கும் இது நல்ல செய்தி போலத் தோன்றும். அடுத்த வரியைப் படிக்கும்வரை: 16 சதவீதத்துக்கும் மேலானவை வற்றியும் தூர்ந்தும் வேறு காரணங்களாலும் பயன்பாட்டில் இல்லை. 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஆக்கிரமிப்பில்.

மிஞ்சிய குளமும் பழைய குளமாக இல்லை. வயலிலிருந்து பூச்சிமருந்து வடிந்து சேருகிறது. கொசுப்புழுவைத் தின்பதற்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன், கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிறு நீர்ப்பூச்சிகளையும் விழுங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், முக்குளிக்கும் வண்டின் புழுக்களே கொசுப்புழுவைத் தின்னும் உள்ளூர் வேட்டைக்காரர்கள். சம்பளமில்லாமல் வேலை பார்த்தவரை விரட்டிவிட்டு வெளியூர்க்காரரை அமர்த்திய கதை.

புலி குறைந்தால் எண்ணிச் சொல்லக் கணக்கெடுப்பு இருக்கிறது. வண்டு குறைந்தால் கவனிக்க நாலு பேராவது இருக்கிறார்கள். வண்டின் சிறகு விளிம்பில் நிற்கும் பூஞ்சைக்காக அழ யார் வருவார்கள்? இதனால் என்ன பயன் என்ற கேள்வி தேக்ஸ்டரையும் சுற்றி வந்திருக்கும். நேரடிப் பதில் இல்லை. மருந்து தரவில்லை, பயிரைக் காக்கவில்லை. ஆனால் ஓர் இனம் எப்படி இரண்டாகிறது, ஓர் உயிர் இன்னோர் உயிரின் வாழ்க்கைக்குள் எவ்வளவு நுணுக்கமாகத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது என்ற பெரிய கேள்விகளுக்கு, அரை சென்டிமீட்டர் வண்டைவிடச் சிறிய, தெளிவான சோதனைக்களம் கிடைப்பது அரிது.

அலமாரிக்குள் ஒரு குளம்

நம்பிக்கை தரும் ஒரு சம்பவம். கோபன்ஹேகனில் பணியாற்றிய ஆய்வாளர் அனா சோஃபியா ரெபோலெய்ரா, அமெரிக்கப் பூச்சியியலாளர் டெரெக் ஹென்னன் ட்விட்டரில் போட்ட ஒரு மரவட்டைப் படத்தைப் பார்த்தார். உடலில் சில சிறு புள்ளிகள். மற்றவர்களுக்கு அது அழகான மரவட்டை. லபோல்பெனியேல்ஸ் பழகிய கண்ணுக்கு அது பூஞ்சை. உடனே காட்டுக்கு ஓடவில்லை. அருங்காட்சியக அலமாரியைத் திறந்தார். டென்மார்க் அருங்காட்சியகத்திலும் பாரிஸ் அருங்காட்சியகத்திலும் பல காலமாகக் கிடந்த மரவட்டைகளில் அதே பூஞ்சை இருந்தது. 2020இல் புதிய இனமாக அறிவித்தபோது வைத்த பெயர் 'ட்ரோக்லோமைசிஸ் ட்விட்டரி'. ட்விட்டரின் பெயர் பிறகு 'எக்ஸ்' என்று மாறிவிட்டது. பூஞ்சையின் பெயர் மாறவில்லை.

இந்தியாவுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. கொல்கத்தாவில் விலங்கியல் ஆய்வு நிறுவனத்திலும் நாடெங்கும் கல்லூரி, பல்கலைக்கழக அலமாரிகளிலும் ஊசி குத்திய வண்டுகள் இருக்கின்றன. அவற்றில் சில, இன்று வீட்டு மனையாகிவிட்ட குளங்களில் பிடிபட்டவையாக இருக்கலாம். வண்டின் பெயர்ச்சீட்டில் ஊரும் தேதியும் இருக்கும். சிறகின் விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில், இன்னொரு உயிரின் உடலும் ஒட்டியிருக்கக்கூடும். தேக்ஸ்டர் செய்ததைச் செய்யப் பெரிய நிதி வேண்டாம். ஒரு லென்ஸ், பொறுமை, சேகரிப்பைக் காக்கும் அதிகாரியின் அனுமதி போதும். முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடக்கூடிய வேலை.

அதையும்விடச் சுலபமான வேலை ஒன்று உண்டு. அடுத்த மழை இரவில், வாசலில் 'டக்'கென்று விழும் வண்டைத் துடைப்பத்தால் தள்ளாமல், உள்ளங்கையில் எடுத்துப் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுவது. வண்டு நீந்திப் போகும். கூடவே, இன்னும் யாரும் பெயர் வைக்காத ஒன்றும் போகலாம். அதற்கும் ஒரு முகவரி தேவைப்படுகிறது. பக்கத்தில் குளம் மிச்சமிருக்க வேண்டும், அவ்வளவுதான்.